பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஒரு போர்வை

சிங்கப்பூர், பூமத்திய ரேகையிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. இங்கே உட்கார்ந்துகொண்டு நான் கைக்குழந்தைகளுக்குப் போர்வை தைக்கிறேன். கிராஸ் ஸ்டிட்ச். கட்டம் கட்டமாக நெய்த துணியில் பெருக்கல் குறியாகப் போட்டுப் போட்டு வாத்தையும் முயலையும் வரவழைக்கிற வேலை. தஞ்சாவூரில் பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் மேட்டித் துணியில் பழகியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், மனசுக்கு அமைதி தருகிற பொழுதுபோக்கு ஒன்று வேண்டும் என்று எல்லாரும் வற்புறுத்தினார்கள். இந்த ஊரில் சும்மா இருந்து ஓய்வெடுக்க முடியாது. அதற்கும் ஒரு வேலை வேண்டும்.

"இந்த வேக்காட்டுல எந்தக் குழந்தைக்கும்மா போர்வை?" என்று என் கணவர் கேட்டார். கேட்டவர் ஏர்கானைப் பதினெட்டில் வைத்துவிட்டுக் கழுத்துவரை கம்பளியை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். பிரதமரானதும் தான் முதலில் செய்த காரியம் அரசு அலுவலகங்களில் ஏர்கான் போட்டதுதான் என்று லீ குவான் யூவே சொல்லியிருக்கிறார். அன்று தொடங்கிய குளிர் நூலகம், எம்ஆர்டி ரயில், சினிமாக் கொட்டகை என்று பரவி எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறை வரைக்கும் வந்துவிட்டது. ஆகவே போர்வைக்குத் தேவை இருக்கிறது. தட்டுப்பாடு குழந்தைக்குத்தான்.

தேக்கா சந்தையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது கேகே மருத்துவமனை. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரு நாளைக்கு நூறுக்கு மேல். கின்னஸ் புத்தகத்திலேயே ஏறியது. இன்றைக்கு நாட்டிலுள்ள எல்லா மருத்துவமனைகளும் சேர்ந்தும் ஓர் ஆண்டில் அத்தனை குழந்தைகள் பிறப்பதில்லை. 2023இல் கருவள விகிதம் ஒரு பெண்ணுக்கு 0.97 குழந்தை என்று ஆகிவிட்டது. அந்தக் கணக்குப்படி ஒரு போர்வைக்கு மூன்று சதவீதம் துணி மிச்சம்.

இத்தனைக்கும் இந்த அரசாங்கம் எண்ணாமல் எதையும் செய்கிற அரசாங்கம் இல்லை. 1972இல் 'இரண்டோடு நிறுத்து' என்றது. சனங்கள் சொன்ன பேச்சைக் கேட்டு நிறுத்திவிட்டார்கள். 1987இல் 'வசதி இருந்தால் மூன்று, அதற்கு மேலும்' என்றது. இந்தப் பேச்சை யாரும் கேட்கவில்லை. கட்டம் ஒன்று தவறினால் நான் அன்று சாயங்காலமே பிரித்துவிடுவேன். அவர்கள் பிரிப்பதற்குப் பதினைந்து வருஷம் எடுத்துக்கொண்டார்கள்.

அப்படியே குழந்தை பிறந்தாலும் போர்வைக்கு விமோசனம் இல்லை. ஒரு வயதுக்குள் தூங்குகிற குழந்தைமேல் தளர்வான துணி எதுவும் போடாதீர்கள், மூச்சு முட்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். ஒரு வயது தாண்டினால் குழந்தையே உதைத்துத் தள்ளிவிடும். நம் பாட்டிகளோ பிறந்த குழந்தைக்குப் புதுத்துணியே ஆகாது என்பார்கள். தாத்தாவின் வேட்டி, துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போனது, அதைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். தூங்க வைக்க ஸ்பிரிங் மாட்டிய சாரோங் தொட்டில். இங்கே சீனர், மலாய்க்காரர், தமிழர் மூன்று வீட்டிலும் அது ஆடியிருக்கிறது. ஆக வானிலை, மக்கள்தொகை, மருத்துவம், பாட்டி என்று நான்கு தரப்பும் என் பொழுதுபோக்குக்கு எதிராக ஓரணியில் நிற்கின்றன.

சரி, அமைதியாவது கிடைக்கிறதா? பதினான்கு கட்டத் துணி என்றால் ஓர் அங்குலத்துக்குப் பதினான்கு கட்டம். ஆறங்குலச் சதுரத்தை நிரப்பினால் 7,056 பெருக்கல் குறி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாய்வுக் கோடு, 14,112. மேல்கோடுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சத்தில் வாத்துக்குச் சொறி பிடித்த மாதிரி தெரியும். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று எண்ணிக்கொண்டிருக்கையில் கூடத்திலிருந்து "ஏம்மா, பரணி நட்சத்திரம் என்னிக்கு?" என்று ஒரு குரல் வரும். இதற்கு அலுவலகமே தேவலை. அங்கே கதவாவது இருந்தது.

நூல் வாங்குவது தனிக்கதை. தேக்கா சந்தை மாடியில் புடவை, சுடிதார், ரவிக்கை தைக்கிறவர் எல்லாம் உண்டு. கிராஸ் ஸ்டிட்ச் துணி என்று கேட்டால் கடைத் தம்பி பரிதாபமாகப் பார்க்கிறார். "அதெல்லாம் இப்ப யாருக்கா செய்யுறா? ஆரி ஒர்க் போட்டுடலாமா?" சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் சென்டருக்குப் போனேன். அங்கே கடைக்காரச் சீன அம்மாவுக்கும் எனக்கும் பொதுமொழி எண்கள்தான். நான் 310 என்பேன். டிஎம்சி கறுப்பு நூலை எடுத்து வைப்பார். இருவரும் சிரித்துக்கொள்வோம். என் வாழ்க்கையில் சண்டையே வராத ஒரே உறவு அது.

கஷ்டம் பெயர் தைப்பதில். இங்கிலீஷ் எழுத்துக்குக் கட்டப் படம் ஆயத்தமாகக் கிடைக்கும். பிள்ளையின் பெயர் தமிழில் வேண்டும் என்று சில தாய்மார் ஆசைப்படுகிறார்கள், நல்ல ஆசைதான். ஆனால் ஓலை கிழியாதிருக்க வளைந்து வளைந்து உருண்ட எழுத்து நம்முடையது என்பார்கள். அதைக் கொண்டுபோய்ச் சதுரத்துக்குள் அடைத்தால் 'ழ' படிக்கட்டு மாதிரி வருகிறது, 'ஐ'யைப் பார்த்தால் யாரும் ஐ என்று சொல்ல மாட்டார்கள். கணக்கு நோட்டின் கட்டத் தாளில் நானே வரைந்து, தைத்து முடித்தபின் தாயார் போன் செய்கிறார்: எண் கணிதக்காரர் நடுவில் ஓர் 'ஆ' சேர்க்கச் சொல்லிவிட்டாராம்.

இந்த ஊரில் பேர் பெற்ற போர்வைகள் வேறே. 1942இல் ஜப்பானியர் ஆயிரக்கணக்கானோரைச் சாங்கிச் சிறையில் அடைத்தபோது, பெண்களும் குழந்தைகளும் ஒரு பக்கம், கணவன்மார் சுவருக்கு அந்தப் பக்கம். பேசிக்கொள்ள வழி கிடையாது. எத்தெல் மல்வேனி என்ற கனடாக்காரப் பெண் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கொரு சதுரத் துணியில் தன்னைப் பற்றி எதையாவது தைத்துப் பெயரும் போட வேண்டியது. அறுபத்தாறு சதுரத்தைச் சேர்த்தால் ஒரு போர்வை. இப்படி மூன்று. ஷீலா ஆலன் என்ற பதின்ம வயதுப் பெண் ஆஸ்திரேலிய வரைபடத்தைத் தைத்தார். ஒரு போர்வை காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கு என்று கொடுத்தார்கள். அதனால்தான் மற்ற இரண்டும் ஆண்கள் இருந்த மருத்துவமனைக்குப் போக முடிந்தது என்பார்கள். ஒன்றைக் கொடுத்து இரண்டைக் கடத்திய இந்த வியாபாரத்துக்கு முன்னால் முஸ்தபா கடையின் தள்ளுபடி எம்மாத்திரம். மனைவி உயிரோடிருக்கிறாள் என்று கணவர்கள் ஒரு மூலைச் சதுரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். இன்று ஒரு போர்வை லண்டனில், இரண்டு கான்பெராவில்.

நானும் மூலையில் என் பெயரைச் சின்னதாகத் தைக்கிறேன். அடுத்த வளைகாப்புக்கு மறக்காமல் கூப்பிடுவார்கள் என்ற ஆசைதான்.

கொடுத்த போர்வைகள் என்னவாயின என்கிறீர்களா? ஒன்று ஈசூனில் ஒரு வீட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது. "ஆன்ட்டி, இவ்வளவு அழகா இருக்கிறதைப் போய்ப் பாப்பாவுக்குப் போடுறதா? அழுக்காயிடாது?" பாப்பா ஒரு துண்டில் சுற்றப்பட்டு, கீழேயிருந்து முயலை முறைத்துக்கொண்டிருந்தது.

மஞ்சள் வாத்து ஒன்று முடிந்து பீரோவில் தயாராக இருக்கிறது. பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். ஐந்து எழுத்துக்கு மேல் தாங்காது. உங்கள் வீட்டில் யாருக்காவது விசேஷம் என்றால் சொல்லி அனுப்புங்கள். எண் கணிதக்காரரை மட்டும் முன்னாலேயே பார்த்துவிட்டு வாருங்கள்.