ரூட் என்கிற குடித்தனக்காரன்

காசு கொடுத்து வாங்கிய போனில் எந்த மென்பொருளைப் போடுவது என்பதை வாங்கியவன்தான் தீர்மானிக்க வேண்டும் என்ற கட்சி என்னுடையது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இதைப் பேசி, பக்கத்து இலைக்காரரின் பாயசத்தை ஆற வைத்திருக்கிறேன். சங்கடம் என்னவென்றால், எதிர்க்கட்சிக்காரர்கள் சாட்சிக்கு ஆள் தேடினால் முதலில் என்னைத்தான் கூப்பிட வேண்டும்.

சிங்கப்பூர் அத்தான் கழித்துப் போட்ட நோக்கியா என்9 என் கைக்கு வந்த காலம் அது. முன்பக்கத்தில் ஒரு பொத்தான்கூடக் கிடையாது, எல்லாம் விரலால் தள்ளுவதுதான். எனக்கு முக்கியம் உள்ளே ஓடிய மீகோ ஹார்மட்டான். அசல் லினக்ஸ், டெபியன் கணினிகளில் மென்பொருள் வருகிற அதே டெப் பேக்கேஜ், அதை நிறுவுகிற அதே ஆப்ட். அமைப்புகளில் டெவலப்பர் மோடை இயக்கினால் கட்டளை அடிக்கிற டெர்மினலே வந்துவிடும். 'டெவல்-எஸ்யூ' என்று அடித்து, ஊருக்கே தெரிந்த 'ரூட்மீ' கடவுச்சொல்லைக் கொடுத்தேன். எல்லா அதிகாரமும் உள்ள பயனாளி, அதாவது ரூட் ஆகிவிட்டேன். ஆண்ட்ராய்டு வைத்திருந்த தம்பியிடம் அந்தக் கறுப்புத் திரையைக் காட்டி, "இதுதான்டா சொந்த போன்" என்றேன்.

"சரி, என்ன பண்ணப் போற?" என்றான். அதை நான் யோசித்திருக்கவில்லை. தமிழ் எழுத்துருவை மாற்றப்போவதாகச் சொல்லி வைத்தேன்.

மாற்றப் போனால், அனுமதி இல்லை என்றது. ரூட்டுக்கே அனுமதி இல்லை! அந்த போனில் ஈஜிஸ் என்றொரு காவல் ஏற்பாடு இருந்ததை அப்போதுதான் படித்தேன். எந்தப் பேக்கேஜ் எந்த மூலத்திலிருந்து வந்தது என்பதை நிறுவும்போதே அது குறித்துக்கொள்ளும். நம்பகமான மூலத்திலிருந்து கையொப்பத்தோடு வந்த பேக்கேஜை, ஊர் பேர் தெரியாத இடத்திலிருந்து வரும் புதிய பதிப்பால் அகற்ற முடியாது. கையொப்பமில்லாதது உள்ளே வரலாம், ஆனால் முக்கியமான உரிமைகள் கிடைக்காது. முக்கியக் கோப்புகளின் ஹாஷ் மதிப்புகள், அதாவது கோப்பின் கைரேகை மாதிரியான எண்கள், ஒரு பட்டியலில் இருக்கும். ஓர் எழுத்து மாறினாலும் கணக்கு இடிக்கும், கோப்பை ஈஜிஸ் ஏற்காது. ரூட்டும் இந்தச் சட்டத்துக்குள் அடக்கம். வீட்டுக்காரன் என்று நினைத்து மீசையை முறுக்கியவன், ஆணி அடிக்கக்கூட உத்தரவு கேட்க வேண்டிய குடித்தனக்காரன் என்று தெரிந்தது.

கோபம் வராதா? இன்செப்ஷன் என்று ஒரு கருவியை யாரோ புண்ணியவான் எழுதியிருந்தார். ஈஜிஸைத் தாண்டி எல்லா உரிமைகளையும் அது வாங்கிக் கொடுக்கும். கூடவே இருந்த எச்சரிக்கைகளைப் படிக்காமல் உருட்டித் தள்ளினேன். உரிமை கிடைத்தது. எழுத்துரு அமைப்பைத் திருத்தினேன். கை அதோடு நின்றிருக்கலாம். பக்கத்திலிருந்த இன்னொரு கோப்பில், தேவையில்லாதது மாதிரி தெரிந்த ஒரு வரியை நீக்கினேன். அது எதற்கான கோப்பு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஈஜிஸுக்குத் தெரிந்திருந்தது. போன் தானே அணைந்து, நோக்கியா என்று எழுத்துக் காட்டி, மறுபடி அணைந்தது. ராத்திரி முழுக்க அதே வேலை. விடிந்ததும் மனைவியின் போனுக்கு அம்மா கூப்பிட்டு, "அவனுக்கு லைனே போகலையே, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார்.

லேப்டாப்பில் இணைத்து மென்பொருளை மறுபடி ஏற்றினால் பிழைக்கும் என்றார்கள். ஏற்ற வேண்டிய கோப்பு இரண்டு வகை: ஒன்று இயங்குதளம், மற்றது உள் சேமிப்பகத்துக்கானது. முதலாவதே போதும். இரண்டையும் ஏற்றினால்தான் சுத்தமாக இருக்கும் என்பது என் சொந்த ஆராய்ச்சி. சுத்தமாகத்தான் இருந்தது. பழனியில் பையனுக்கு மொட்டை போட்டபோது எடுத்த படங்கள்கூட மிஞ்சவில்லை.

இதில் இன்னொன்று இருக்கிறது, எழுதவே கூசுகிறது. லினக்ஸில் எழுத்துருவை மாற்ற எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டாம். நம் சொந்தக் கோப்புறைக்குள் 'புள்ளி ஃபாண்ட்ஸ்' என்று ஒரு கோப்புறையை உண்டாக்கி, அதில் எழுத்துருவைப் போட்டால் ஆயிற்று. ரூட் வேண்டாம், இன்செப்ஷன் வேண்டாம், ஈஜிஸ் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது.

கையொப்பம் என்ற விஷயத்தில் என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். டெபியன் களஞ்சியத்தில் ஒவ்வொரு பேக்கேஜின் ஹாஷும் ஒரு பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலின் ஹாஷ் 'ரிலீஸ்' என்ற கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பில்தான் கையொப்பம். ஆள் யார் என்பதை அது சொல்லும், அவர் நல்லவரா என்று சொல்லாது. கையொப்பத்தைச் சரிபார்க்கிற பொதுச் சாவி இல்லை என்று லேப்டாப் முரண்டு பிடித்தபோதெல்லாம், எங்கிருந்தோ ஒரு கட்டளையை நகலெடுத்து ஒட்டி, யாரென்றே தெரியாதவரின் சாவியை நான் சேர்த்திருக்கிறேன். ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று அம்மாவுக்கு வகுப்பெடுப்பவனும் நானே.

ஆனாலும் கட்சி மாறவில்லை. என்9 வெளியாவதற்கு முன்பே, 2011 பிப்ரவரியில், இனி விண்டோஸ் போன்தான் என்று நோக்கியா அறிவித்துவிட்டது. 2014 ஜனவரியிலிருந்து மீகோவுக்குப் புதிய செயலிகளைத் தன் கடையில் ஏற்பதையும் நிறுத்திக்கொண்டது. பூட்டியவர் போய்விட்டார், பூட்டு மட்டும் இருக்கிறது. அப்படிப்பட்ட நாளில் கைகொடுத்தது இன்செப்ஷன் மாதிரிக் கருவிகள்தாம். எச்சரிக்கையைப் படிப்பவர்கள் கையில் அவை ஒழுங்காகவே வேலை செய்தன.

சரிபார்க்கப்படாத டெவலப்பர்களின் செயலிகளை ஆண்ட்ராய்டில் நிறுவக் கட்டுப்பாடு வரும் என்று 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. முதல் பட்டியலில் இருந்த நாலு நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. விடுவேனா? பயனாளியின் உரிமை பற்றிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட ஒரு நீண்ட கண்டனம் தயாரித்து, பிழை பார்க்க மனைவியிடம் கொடுத்தேன். கடைசிவரை படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. பழனி போட்டோ போன கதை எந்தப் பத்தியில வருது?"