அழுக்கைத் தின்னும், கரண்ட் தரும்!

கிருமிகூட கரண்ட் தருமாமே, தொட்டால் ஷாக் அடிக்குமா?

அடிக்காது. நுண்ணுயிரை வைத்து இயங்கும் ஒரு மின்கலம் தருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. வரலாற்றைக் கேட்டால்தான் ஷாக்: நுண்ணுயிரிலிருந்து மின்சாரம் பிறப்பதை இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்.சி. பாட்டர் 1911-லேயே காட்டிவிட்டார்!

அதை வைத்து ஊருக்கே விளக்கெரிக்கலாமா?

ஊருக்கு முடியாது, கழிப்பறைக்கு முடியும். 2015-ல் பிரிஸ்டலில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் சிறுநீரைக் கொண்டே கழிப்பறை விளக்கை எரித்தார்கள். அகதி முகாம்களில் இரவில் கழிப்பறைக்குப் போக அஞ்சும் பெண்களை மனதில் வைத்து நடந்த முயற்சி அது.

சரி, சாக்கடைக்கு என்ன லாபம்?

சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீருக்குள் காற்று ஊதவே மின்சாரத்தைக் கொட்டுகிறோம். இந்த நுண்ணுயிர்கள் காற்று கேட்பதில்லை. அழுக்கைத் தின்று, எலெக்ட்ரான்களை மின்முனையில் இறக்கிவிடுகின்றன.

உளவு வேலையும் பார்க்குமாமே?

பார்க்கும். அழுக்கு கூடினால் மின்னோட்டம் ஏறும். நஞ்சு கலந்தால் சட்டென்று சரியும். நீரின் அழுக்கை அளக்கும் வழக்கமான பி.ஓ.டி. சோதனைக்கோ 5 நாள் காத்திருக்க வேண்டும். மீன் செத்து மிதந்த பிறகு முடிவு வந்து யாருக்கு என்ன பயன்?