ஒற்றைப் பானை

எங்கள் மாமா எகிப்துக்குப் போய்விட்டு வந்தார். கூடலூரில் ஒருவர் குமுளி தாண்டிப் போய் வந்தாலே டீக்கடையில் அரைநாள் பேச்சு ஓடும். இவர் நைல் நதியைத் தாண்டியவர். திராட்சை அறுவடை முடிந்து, அடுத்த கவாத்தும் முடிந்து, கதை மட்டும் முடியவில்லை.

பிரமிடைப் பற்றி அவர் அதிகம் சொல்வதில்லை. "கல்லு மாப்ளே. பூராம் கல்லு. நம்ம மலையில இல்லாத கல்லா?" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். பழைய கெய்ரோவில், ஃபுஸ்தாத் பக்கத்துப் பானைப் பட்டறைக்கு வந்ததும்தான் குரல் குழையும். "ஒருத்தன் உக்காந்து சக்கரத்தக் காலால எத்துறான். மண்ணு அப்பிடியே எந்திரிச்சு வருது மாப்ளே! தெருவுக்குத் தெரு பெரிய மண்சாடி வச்சுருக்காய்ங்க. போறவன் வாறவன் மோந்து குடிக்கலாம். என்னா பண்பாடு!"

சித்திரை மாதம் கம்பம் ரோட்டில் வைக்கிற தண்ணீர்ப் பந்தலை அவர் பார்க்காதவரா? அந்தப் பந்தல் நன்கொடை நோட்டோடு வரும்போதெல்லாம் பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குப் போய்விடுகிறவர் அவர். பிறந்ததிலிருந்து மண்பானைத் தண்ணீர் குடித்து வளர்ந்த மனிதர், பானை வனைவதை முதன்முதலாகப் பார்த்தது கெய்ரோவில். இதில் அவர் மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நம் ஊரில் பானை சந்தைக்கு வந்தது, வாங்கினோம். பிறகு ஃப்ரிட்ஜ் வந்தது, அதையும் வாங்கினோம். இரண்டையும் செய்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

எகிப்தியர்களுக்கு க்னூம் என்று ஒரு சாமி உண்டு. ஆட்டுக்கிடாய் தலை. மனிதர்களைக் குயவர் சக்கரத்தில் வைத்துத்தான் அவர் வனைந்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. வழிகாட்டி சொன்ன இதையும் மாமா மனப்பாடம் செய்து வந்திருந்தார். "அதேன் மாப்ளே, ஒவ்வொருத்தனும் ஒரு பக்கம் கோணிக்கிட்டுத் திரியிறான்" என்று, எதிரே உட்கார்ந்திருந்த தம் சகலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மானாமதுரைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வருவோம் மாமா" என்றேன். அங்கேயும் பானை செய்கிறார்கள் என்றபோது அவர் அசையவில்லை. 2023-ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்றேன். "நம்ம கம்பம் பன்னீர் திராட்சைக்குக் குடுத்தாகளே, அதுவா?" என்று எழுந்து உட்கார்ந்தார். அதேதான், அதே ஆண்டுதான். திராட்சையோடு சம்பந்தி முறை வந்துவிட்டதால் புறப்பட்டார்.

போகிற வழியெல்லாம் எங்கள் தண்ணீர் கூடவே வந்தது. பெரியாற்றுத் தண்ணீர் 1895-லிருந்து மலையைக் குடைந்து லோயர்கேம்ப்பில் இறங்குகிறது. அங்கிருந்து வைகை அணை, பிறகு மதுரை, அதற்கப்புறம் மானாமதுரை. "நம்ம தண்ணியிலதேன் அவக மண்ணு குழைக்கிறாக" என்று மாமா பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் உரிமை கொண்டாடினார். மானாமதுரைப் பாலத்தில் எட்டிப் பார்த்தால் வைகையில் மணல் ஓடிக்கொண்டிருந்தது. "நம்ம தண்ணி எங்க மாப்ளே?" "மேலூர்ப் பக்கம் வாய்க்கால்ல திரும்பிருச்சு மாமா." அதன்பிறகு அவர் உரிமை கோரவில்லை.

பட்டறையில் சக்கரத்துக்கு மோட்டார் போட்டிருந்தார்கள். மாமாவுக்குப் பெரிய ஏமாற்றம். காலால் எத்தினால்தான் பாரம்பரியம் என்று கெய்ரோவில் முடிவு செய்துவிட்டு வந்தவர். தம் வீட்டு ஆட்டுக்கல்லில் மோட்டார் மாட்டியபோது இந்தக் கவலை அவருக்கு வரவில்லை.

கண்மாய் மண்ணை ஊறவைத்து, மணல் கலந்து, மிதித்து, கல் பொறுக்கி, உருட்டி வைத்திருந்தார்கள். ஒரு பெரியவர் சக்கரத்தில் மண்ணை வைத்துக் கையைக் கொடுத்தார். கழுத்து வந்தது, வாய் வந்தது. அடியை நூலால் அறுத்து எடுத்தார். பார்த்தால் பானைக்கு அடி இல்லை! ஓட்டை.

"மோசம் பண்றாக மாப்ளே" என்று மாமா காதோடு சொன்னார்.

அடி போடுவது தனி வேலை. பாதி காய்ந்த பானையை ஓர் அம்மா மடியில் வாங்கி, உள்ளே ஒரு கல்லை அண்டக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டத் தொடங்கினார். தட்டத் தட்டச் சுவர் மெலிந்து, கீழே இறங்கி, ஓட்டை தானாக மூடியது. உருண்டை வயிறு வந்தது. ஒட்டு எங்கே என்று தேடினாலும் தெரியவில்லை. இந்தத் தட்டலை மணிக்கணக்கில் நீட்டினால் கடம். மானாமதுரைக் கடம் கனமானது, விரலுக்குத் தெம்பு வேண்டும். அதைச் செய்கிற மீனாட்சி அம்மாளுக்குச் சங்கீத நாடக அகாதெமி விருதே கொடுத்திருக்கிறார்கள். வாசிப்பவருக்கு மாலை போட்டுப் பழகிய நாட்டில், தட்டிக் கொடுத்தவரையும் ஒருமுறை மேடையேற்றியது நல்ல காரியம்.

மாமா ஒரு கடத்தைத் தட்டிப் பார்த்தார். அந்த அம்மா மெதுவாக அதை வாங்கித் தள்ளி வைத்தார்.

வருகிற வழியில் அவருக்கு ஒரு சங்கதி சொல்லியிருந்தேன். எகிப்தின் செங்கடல் கரையில், குஸைர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில், சுமார் 2,000 ஆண்டுக்கு முந்தைய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் தமிழ் பிராமியில் கண்ணன், சாத்தன் என்று பெயர்கள். இன்னொரு ஓட்டில் இருப்பதை 'பானை ஒறி', அதாவது பானை உறி, என்று படித்தவர் ஐராவதம் மகாதேவன். அதே கரையில், பெரெனிக்கே துறைமுகத்துக் கோயிலில் இந்தியச் சாடி ஒன்றுக்குள் 7.5 கிலோ மிளகு அப்படியே இருந்தது. "என்னா ரேட்டுக்குப் போட்டான்?" என்பதுதான் மிளகு பற்றி மாமாவின் ஒரே கேள்வி. பெயர் விஷயம் மட்டும் அவரைப் பிடித்துக்கொண்டது. கடல் கடந்து போனாலும் பாத்திரத்தில் பேர் வெட்டாமல் விட மாட்டான் நம் ஆள். கீழடியில் ஆதன், குஸைரில் சாத்தன், எங்கள் வீட்டு எவர்சில்வர் குடத்தில் அத்தையின் பெயரும் கல்யாணத் தேதியும்.

"தாயி, பானையில எம்பேர எழுதிக் குடுங்க" என்றார்.

"பச்சைப் பானையில கீறலாம்யா. அது நெழல்ல காயணும், காவி பூசணும், சூளையில வேகணும். மழை வந்தா அதுவும் தள்ளிப் போகும். அப்புறமா வந்து வாங்கிக்கங்க."

பொறுமை இல்லாதவர் வெந்த பானை ஒன்றை எடுத்துக்கொண்டார். விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சொன்னார். "எகிப்துல பாதியாக் குறைச்சாக" என்றார். "அங்க ரெண்டு மடங்கு சொல்லியிருப்பாகய்யா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா மறுபடி தட்ட ஆரம்பித்தார்.

இதுவரை பயணம். இனிமேல்தான் சோதனை.

பொங்கலுக்கு முன்னால் புதுப் பானையோடு பஸ் ஏறினால் சிரித்து இடம் கொடுப்பார்கள். நாங்கள் ஏறியது ஆடி மாதம். வேட்டி கட்டிய, முகம் வாடிய பெரியவர் மடியில் ஒரே ஒரு புதுப் பானை. ஆரப்பாளையத்தில் கண்டக்டர் லக்கேஜ் கேட்கவில்லை. "நீங்க உக்காருங்கய்யா" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். உசிலம்பட்டியில் ஏறிய பாட்டி பானையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், "யாருக்குய்யா?" என்றார்.

"எனக்குத்தான்" என்றார் மாமா.

பாட்டி எழுந்து முன் இருக்கைக்குப் போய்விட்டார். ஆண்டிபட்டிக் கணவாய் வருவதற்குள் பின்பக்கம் ஒருவர் செல்போன் பாட்டை நிறுத்திவிட்டார். தேனியில் ஒருவர், "வயசு என்ன இருக்கும்?" என்று என்னிடம் மெல்ல விசாரித்தார். "அறுபத்தஞ்சு, நல்லாத்தேன் இருக்கேன்!" என்று மாமாவே பதில் சொன்னதில் பஸ்ஸுக்குள் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. கூடலூரில் இறங்கி வீட்டை நெருங்கும்போது எதிர்வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி ஓடிவந்துகொண்டிருந்தார்.

மானாமதுரைக்குப் போங்கள். பங்குனிக்கு முன்னால் போனால் தண்ணீர்ப் பானை நிறையக் கிடைக்கும். சுண்டிப் பார்த்து, கணீர் என்று கேட்டால் வாங்குங்கள். கேட்ட விலையைக் கொடுங்கள், அத்தனை தட்டுக்கு அது குறைவுதான். சமையல் சட்டியென்றால் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி வைத்துப் பழக்கிய பிறகு அடுப்பில் ஏற்றுங்கள். பஸ்ஸில் வருவதாக இருந்தால் மட்டும், தயவுசெய்து இரண்டு பானையாக வாங்குங்கள்.