52 வாரத் தகுதி

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் தளவாடத் திட்டமிடல், அதாவது படைக்கு வேண்டிய எரிபொருள், உணவு, உதிரிபாகம் ஆகியவற்றை எப்போது, எந்தக் கப்பலில், எந்தத் துறைமுகத்துக்குச் சேர்ப்பது என்று முன்கூட்டியே கணக்கிடும் வேலை, 0346 என்ற பணித் தொடர் எண்ணின்கீழ் வருகிறது. 15 படிகள் கொண்ட பொது ஊதிய அட்டவணையின் உச்சிப் படிக்கு, ஒரு படி கீழான பொறுப்புக்கு நிகரான ஓராண்டு அனுபவம் வேண்டும், பட்டம் கட்டாயமில்லை. ஏற்கெனவே அரசுப் பணியில் இருந்து பதவி உயர்வு கோருபவரோ, அந்தக் கீழ்ப்படியில் 52 வாரம் அமர்ந்திருக்கவும் வேண்டும் என்பதால், ஒரு வாரம் குறைந்தாலும், டாங்கிப் படையையே கடல்கடத்தியவரும் கரையிலேயே நிற்க நேரும். பல்லாண்டு புழங்கிய சுயமதிப்பீட்டு வினாத்தாளில், ஒவ்வொரு கேள்விக்கும் "வல்லுநர்" என்று தம்மைத் தாமே குறித்துக்கொள்ளக் கூச்சப்பட்டவர், நேர்காணலுக்கான பட்டியலில் தம் பெயரைத் தேட வேண்டியிருக்கவில்லை (அடக்கம் அமரருள் உய்க்கலாம், நேர்காணலுக்கு உய்க்காது). 2025 முதல் தன்விவரக் குறிப்பும் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்றாகிவிட்டதால், முப்பதாண்டுச் சரக்கை அந்த இரண்டு பக்கத்தில் ஏற்றிக் கட்டுவதற்குள் விண்ணப்பதாரர் தளவாடத் திட்டம் ஒன்றை முழுதாக முடித்துவிடுகிறார்.