எதிர்பாராத கூட்டம்

நம் நாட்டில் ஒரு பெரிய நிகழ்ச்சி சந்தி சிரித்துப்போனால், மறுநாள் அறிக்கை எழுத யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ‘எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகமாக வந்துவிட்டது.’ இந்த ஒரு வரி போதும். பாட்டுக் கச்சேரிக்கும் அதுதான், கிரிக்கெட்டுக்கும் அதுதான், வானத்தில் விமானம் குட்டிக்கரணம் போட்டதைப் பார்க்க வந்தவர்களுக்கும் அதுதான். தேதிக்கு மட்டும் இடம் விட்டு அச்சடித்து வைத்துக்கொண்டால் இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை.

வெள்ளம் எதிர்பாராமல் வரலாம். பூகம்பம் எதிர்பாராமல் வரலாம். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன் எப்படி ஐயா எதிர்பாராமல் வருவான்? அவன் பெயர், கைபேசி எண், எந்த வங்கியிலிருந்து எத்தனை மணிக்குப் பணம் வந்தது என்பது வரை எல்லாம் உங்களிடம் இருக்கிறது. ‘நாளை மாலை மறக்காமல் வந்துவிடுங்கள்’ என்று முந்தின நாள் அவனுக்குச் செய்தி அனுப்பியதும் நீங்கள்தான். அவன் வந்து நின்றதும், ஏதோ செவ்வாய்க் கிரகத்திலிருந்து இறங்கியவனைப் பார்ப்பதுபோல் திகைக்கிறீர்கள்.

கல்யாணச் சமையல்காரர் முதலில் கேட்கும் கேள்வி, ‘எத்தனை இலை?’ எண்ணூறு இலை என்று அவரிடம் சொல்லிவிட்டு ஆயிரத்து அறுநூறு பேருக்குப் பத்திரிகை வைத்தால், சாம்பார் தீர்ந்ததற்குப் பந்தியில் உட்கார்ந்தவனை யாரும் திட்டமாட்டார்கள். பத்திரிகை வைத்தவர் முகத்தில்தான் காறித் துப்புவார்கள். சமையல்காரருக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, ஒளியும் ஒலியும் மேடையும் டிரோனும் கொண்டு வந்து இறக்கத் தெரிந்த பெருமக்களுக்கு மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

2023 செப்டம்பர் 10, கிழக்குக் கடற்கரைச் சாலை, பனையூர். ஆதித்யராம் பேலஸ் சிட்டியில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ கச்சேரி. ஆகஸ்ட் 12 அன்று நடந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி, மழையால் தள்ளிப்போயிருந்தது. ஏற்பாடு செய்தவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் கூடுதலாகக் கிடைத்தது என்று அர்த்தம். நாற்காலியை எண்ணிப் பார்க்க ஒரு மாதம் தாராளம். எண்ணவில்லை. கோல்டு, பிளாட்டினம் என்று உலோகம் உலோகமாகப் பிரித்து விற்ற டிக்கெட்டெல்லாம் அன்று ஒரே மண்ணில், ஒரே சேற்றில் நின்றன. டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியாதவர்கள். உள்ளே போயும் உட்கார இடமில்லாதவர்கள். நெரிசலில் பிள்ளையைத் தவறவிட்டுத் தேடிய பெற்றோர். யாரோ கை வைத்தார்கள் என்று அழுதுகொண்டே வெளியேறிய பெண்கள். அந்தச் சாலையில் முதலமைச்சரின் வாகனமும் மாட்டிக்கொண்டது.

பிறகு வழக்கமான சடங்குகள் நடந்தன. ஏற்பாட்டாளர்மீது வழக்கு. காவல் அதிகாரிகள்மீது நடவடிக்கை. அனுமதி கேட்டபோது சொன்ன எண்ணிக்கைக்கும் வந்து குவிந்த எண்ணிக்கைக்கும் பொருத்தமே இல்லை என்று காவல்துறை கண்டுபிடித்தது. கண்டுபிடித்தது எப்போது? எல்லாம் முடிந்த பிறகு. இந்தக் களேபரத்தில் வெட்கப்பட்டவராகத் தெரிந்தவர் பாட வந்தவர்தான். ‘நானே பலியாடாகிறேன்’ என்று ரஹ்மான் எழுதினார். டிக்கெட் நகலை அனுப்பச் சொன்னார், பணம் திருப்பித் தரப்பட்டது. நல்லது. ஆனால் நெரிசலில் ஒரு பெண்ணின் உடம்பில் விழுந்த கையை எந்த ரீஃபண்டில் கழிப்பது? அன்று அம்மாவைக் காணாமல் கதறிய பிள்ளைக்கு எத்தனை விழுக்காடு திருப்பித் தருவது?

இதைவிட ஆத்திரமூட்டுவது மறுநாள் டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் கிளம்பிய ஞானம். ‘இவ்வளவு கூட்டத்துல கைக்குழந்தையத் தூக்கிட்டு எதுக்கு வந்தாங்க?’ அடடா! விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்தது யார்? அப்பா தோளில் பிள்ளை, பக்கத்தில் அம்மா, அவள் கையைப் பிடித்த பாட்டி. பணம் வாங்கும்வரை நாம் குடும்பம். வாசலுக்கு வந்ததும் கூட்டம். விடிந்தால் ஒழுங்கு கெட்ட கும்பல்.

ஆகவே, குடும்பத்தோடு புறப்படும் அப்பாவிகளின் நன்மைக்காக ஏற்பாட்டாளர்கள் சார்பில் சில நெறிமுறைகளை நாமே வகுத்துத் தந்துவிடலாம். தாத்தா பாட்டியை அழைத்து வராதீர்கள். அவர்களுக்கு அடிக்கடி சிறுநீர் வரும், எங்களுக்கு அடிக்கடி கழிப்பறை கட்ட வராது. பெண்கள் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்க வேண்டாம். பல பெண்கள் இதை ஏற்கெனவே கடைப்பிடித்து வருகிறார்கள், அவர்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. குழந்தையின் தண்ணீர்ப் புட்டி பாதுகாப்புக்கு ஆபத்து. உள்ளே மும்மடங்கு விலைக்கு நாங்கள் விற்கும் அதே அளவு புட்டி ஆபத்தே இல்லாதது. பிள்ளையின் உள்ளங்கையில் உங்கள் கைபேசி எண்ணைப் பேனாவால் எழுதிவையுங்கள். அங்கே சிக்னல் கிடைக்காது, அது வேறு விஷயம்.

இது மிகை என்று நினைப்பவர்கள் மெரினாவை நினைத்துப் பார்க்கலாம். 2024 அக்டோபர் 6, விமானப்படையின் சாகச நிகழ்ச்சி. இங்கே ‘எதிர்பார்க்கவில்லை’ என்று வாயைத் திறக்கவே வழியில்லை. 15 லட்சம் பேர் திரண்டு லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பிடிக்க வேண்டும் என்பதே இலக்காக அறிவிக்கப்பட்டது. கூட்டம்தான் சாதனை! நேரம் என்ன தெரியுமா? பகல் 11 மணியிலிருந்து 1 மணிவரை. சென்னை வெயிலில், நிழல் என்ற பேச்சே இல்லாத மணலில். சிந்தாதிரிப்பேட்டை, வேளச்சேரி ரயில் நிலையங்களில் நடைமேடை நிரம்பி வழிந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அதற்கு வந்த விளக்கத்தைக் கேளுங்கள்: நெரிசலால் யாரும் சாகவில்லை, வெயிலால்தான், குடை, தொப்பி, கண்ணாடி, தண்ணீர் எல்லாம் கொண்டுவரும்படி முன்பே சொல்லப்பட்டிருந்தது. அப்படியானால் குற்றவாளி சூரியன். அவன்மீது எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது? அழைத்தவர் நிழல் தரமாட்டார், தண்ணீர் தரமாட்டார், திரும்பிப் போக வண்டியும் தரமாட்டார். ஆனால் பிள்ளைக்கு விமானம் காட்டப் போன அப்பன் குடை எடுத்துப் போனானா என்று மட்டும் விசாரிப்பார்.

அண்டை மாநிலத்தை மட்டும் விட்டுவைப்பானேன்? 2025 ஜூன் 3 இரவு பெங்களூரின் ஆர்சிபி அணி முதன்முறையாக ஐபிஎல் கோப்பையை வென்றது. 18 ஆண்டுகளாக அந்த ஊர் காத்துக் கிடந்த கோப்பை. மறுநாளே அங்கே கொண்டாட்டம், இலவச பாஸ் உண்டு என்று சமூக வலைத்தளத்தில் அழைப்பு. சின்னசாமி மைதானம் கொள்வதோ சுமார் 35,000 பேர். வெளியே வந்ததோ லட்சக்கணக்கில். வாசலில் 11 பேர் மிதிபட்டுச் செத்தார்கள், பள்ளிப் பிள்ளை உட்பட. வெளியே உயிர் போய்க்கொண்டிருக்கையில் உள்ளே பாராட்டு விழா நடந்தது. இவ்வளவு கூட்டத்தை எதிர்பார்க்கவில்லை என்று அங்குள்ள முதலமைச்சரும் சொன்னார். 18 வருஷம் ஏங்கிய ஊர், ஜெயித்த மறுநாள் வீட்டில் படுத்துத் தூங்கும் என்றா எதிர்பார்த்தார்கள்?

சென்னையின் சேப்பாக்கம் மைதானத்துப் பக்கம் வந்தால் கதை வேறு நிறம். 2011 உலகக் கோப்பைக்காகக் கட்டிய ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள், அனுமதித் தகராறில் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. சுமார் 12,000 இருக்கைகள். ஒருபக்கம் டிக்கெட்டுக்காக விடிய விடிய வரிசையில் கிடந்தவர்கள், மறுபக்கம் வெயில் காய்ந்த காலி நாற்காலிகள். 2019 ஐபிஎல் இறுதி ஆட்டம் சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்குப் போனதே இந்த மூன்று ஸ்டாண்டுகளின் புண்ணியம். கூட்டம் எதிர்பாராதது, காலி நாற்காலி மட்டும் திட்டமிட்டது.

இப்போது அரசும் தன் பங்குக்கு ஒரு மாலை போட்டிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 40 விழுக்காடு. முன்பு 28. கேசினோவும் குதிரைப் பந்தயமும் உட்கார்ந்திருக்கும் அதே அடுக்கு. பிள்ளையை அழைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போவது, சீட்டாட்ட விடுதிக்குப் போவதற்குச் சமமான பாவம். 1,000 ரூபாய் டிக்கெட்டுக்கு 400 ரூபாய் பிராயச்சித்தம். நான்கு பேர் போனால் 1,600. பாவத்துக்கு வரி கட்டியவனுக்குச் சுத்தமான கழிப்பறை உண்டா என்றால், அது வேறு இலாகா.

வரி கட்டாமல், வரிசையில் நிற்காமல் உள்ளே வரும் ஒரு சாதி இருக்கிறது. அது பாஸ் சாதி. ஐந்தாவது ஓவரில் வரும், முன்வரிசையில் உட்கார்ந்து சுயபடம் எடுக்கும், பன்னிரண்டாவது ஓவரில் போக்குவரத்து நெரிசலுக்கு முன் கிளம்பிவிடும். மார்கழியில் பல சபாக்களில் இதே காட்சிதான், சுருதி மட்டும் கூடுதல்: வெளியே ‘டிக்கெட் தீர்ந்தது’ பலகை, உள்ளே முன்வரிசையில் நன்கொடையாளர் பெயருக்கு ஒதுக்கிய நாற்காலிகள் தனியாவர்த்தனம் முடியும்வரை காலி. நாடகத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்குக் கூட்டமே வராதபடி ஏற்கெனவே பார்த்துக்கொண்டோம்.

கடைசியில் எல்லாரும் ஒதுங்கும் திண்ணை ஒன்று உண்டு: ‘நம்ம ஜனங்களுக்கு ஒழுங்கு போதாது.’ 1999 ஜனவரி 31 அன்று இதே சேப்பாக்கத்தில் டெண்டுல்கர் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் இந்தியா தோற்றது. நெஞ்சு உடைந்த அரங்கம் எழுந்து நின்று எதிரணிக்குக் கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஜனங்களும் இந்த ஊர்தான். உட்கார இடமும் ஆட வேண்டிய ஆட்டமும் ஒழுங்காகக் கிடைத்தபோது அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை உலகமே பார்த்தது. இருபதாயிரம் பேரை ஒரு சந்துக்குள் தள்ளிவிட்டு, யார் யாரை இடிக்கிறார்கள் என்று வேடிக்கை பார்ப்பவருக்கு ஒழுங்கைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை?

முடியாத காரியமும் இல்லை. அண்மை ஐபிஎல் பருவங்களில் சேப்பாக்கத்து ஆட்ட டிக்கெட்டைக் காட்டியே மெட்ரோ ரயிலில் போய்வர முடிந்தது. அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்தால் மைதானம். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் ஆட்டோவிடம் பேரம் பேசிய குடும்பங்களுக்கு இது வரப்பிரசாதம். யாரோ ஒருவர் உட்கார்ந்து, இத்தனை பேர் வருவார்கள், இத்தனை மணிக்கு வெளியேறுவார்கள் என்று எழுதிப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான் தேவைப்பட்டது. பேனாவும் கொஞ்சம் மனசாட்சியும்.

ஆகவே சட்டம், குழு, ஆணையம் எல்லாம் அப்புறம் இருக்கட்டும். ஒவ்வொரு நிகழ்ச்சியின் வாசலிலும் ஆளுயரப் பலகை ஒன்று வையுங்கள். அனுமதி எத்தனை பேருக்கு, விற்ற டிக்கெட் எத்தனை, வெளியேறும் வழி எத்தனை, பெண்களுக்கான கழிப்பறை எத்தனை என்று அதில் எழுதுங்கள். முதல் எண்ணைவிட இரண்டாவது எண் ஒன்றே ஒன்று கூடினாலும் அது மோசடி. விற்றவரைக் கைது செய்யுங்கள். கூடவே, இலவச பாஸ் எத்தனை, யார் யாருக்கு என்பதையும் அதே பலகையில் பெரிய எழுத்தில் போடுங்கள். மற்றதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். இந்தக் கடைசி வரி வந்ததும் ‘பாதுகாப்புக் காரணம்’ என்று நாலா பக்கமிருந்தும் எதிர்ப்பு கிளம்பும். கிளம்பட்டும். முதலில் கத்துகிறவர் யாரென்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.