சபிக்க வந்த வாய்

கேள்வி: கூலி பேசி வரவழைக்கப்பட்ட தீர்க்கதரிசி பிலேயாம், இஸ்ரவேலரைச் சபிக்காமல் வாழ்த்திவிட்டுப் போனது ஏன்?

பதில்: கடவுள் ஆசீர்வதித்தவர்களைச் சபிக்க அவருக்கு வாய் வரவில்லை. அவரை வரவழைத்த மோவாப் ராஜா பாலாக் விட்டானா? இடம்தான் சரியில்லை என்று 3 உச்சிகளுக்கு இழுத்துப் போனான். ஒவ்வொன்றிலும் 7 பலிபீடம், 7 காளை, 7 ஆட்டுக்கடா. 42 உயிர் போயும் ஒரு சாபம் தேறவில்லை. மூன்று முறையும் வாழ்த்துதான்! வீடு நிறைய வெள்ளியும் பொன்னும் தந்தாலும் கடவுளின் சொல்லை மீறமாட்டேன் என்று பிலேயாம் முன்பே சொல்லியிருந்தார். அந்த நாவுறுதியை மனதார மதிக்கிறேன். மனிதரை அல்ல: பின்னாளில் இஸ்ரவேலரை வழிதவறச் செய்த ஆலோசனையும் அவருடையதே என்கிறது வேதாகமத்தின் எண்ணாகமம். வேதாகமத்துக்கு வெளியே, ஜோர்தானின் தேர் அல்லாவில் 1967இல் கிடைத்த சுவரெழுத்திலும் பிலேயாம் பெயர் இருக்கிறது.