விதானையாரும் சேர்மனும்

கேள்வி: அந்தக் காலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி போன்ற ஊர்களில் விதானையார் பெரியவரா, கிராமச் சபைச் சேர்மன் பெரியவரா?

பதில்: களவு, கலகம், மாடு விற்கச் சீட்டு என்றால் விதானையார். ஒழுங்கை, பொதுக் கிணறு, சந்தை என்றால் சேர்மன். முன்னவர் அரசாங்கம் நியமித்த ஆள். பின்னவர் ஊரார் வாக்கில் வந்தவர். மாடு தொலைந்தவருக்கு விதானையார் பெரியவர், மழைக்கால ஒழுங்கையில் வண்டி புதைந்தவருக்குச் சேர்மன் பெரியவர்! 1963இல் விதானையார் பதவி போய், கிராம சேவகர் வந்தார்.

கேள்வி: தெருவரி கட்டக் காசில்லாதவர் என்ன செய்தார்?

பதில்: 1848ஆம் ஆண்டுத் தெருச் சட்டப்படி 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் தெருவேலை செய்யவேண்டியிருந்தது; அல்லது அதற்கான காசைக் கட்டவேண்டியிருந்தது. மடியில் காசு இருந்தவர் ரசீது வாங்கினார். இல்லாதவர் மண்வெட்டி எடுத்தார். இலங்கையின் பழைய தெருக்களில் ஏழையின் வியர்வைதான் முதல் முதலீடு.

கேள்வி: கிராமச் சபைகள் எங்கே போயின?

பதில்: 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது கிராமச் சபைகள் ஒழிந்தன. கூப்பிடு தூரத்தில் இருந்த சபை மாவட்டத் தலைநகருக்குப் போனது. அது பெரும் தவறு. பின்னர் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் பிறந்தன. ஓட்டமாவடிக்குக் கோறளைப்பற்று மேற்குப் பிரதேச சபை வாய்த்தது. உங்கள் வீட்டுப் பெட்டியில் கிராமச் சபைக் காலத்துச் சோலைவரி (வீட்டு வரி) ரசீது இருந்தால் எறிந்துவிடாதீர்கள். ஊர் வரலாற்றுக்கு அதுவும் சாட்சி.